ஒரே வேலி, மூன்று குடித்தனம்: செம்பவாங்கில் கோழியும் வாத்தும் பெருவாத்தும் வளர்த்த அனுபவம்

1960களில் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது கிராமத்தில், என் தாயார் கோழி வளர்த்தார். பக்கத்து மலாய்க் குடும்பத்தார் வாத்து வளர்த்தார்கள். வேலிக்கு அப்பால் இருந்த சீனர் வீட்டில் இரண்டு பெருவாத்துகள் இருந்தன. அவை கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்தும் என்பதால் பள்ளிக்குப் போகும்போது நான் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு நடப்பேன். பகலில் மூன்று வீட்டுப் பறவைகளும் ஒரே திடலில் மேயும், பொழுது சாய்ந்ததும் தத்தம் வீட்டுக்குப் பிரிந்து போகும். ஓய்வுபெற்ற பிறகு, 2018இல் செம்பவாங்கில் என் தரைவீட்டின் பின்புறத்தில் நானே பறவை வளர்க்கத் தொடங்கியபோது, அவை சேர்ந்து மேய்ந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பிரிந்து போனது நினைவில் இல்லை. நான் செய்த தவறுகளில் பாதிக்கும் மேல் அந்த மறதியால் வந்தவை.

இங்கே இப்படி வளர்க்க விரும்புவோர் முதலில் விதிமுறையை அறிந்துகொள்ள வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் கோழி, வாத்து வளர்க்க அனுமதி இல்லை. தரைவீடுகளில், விற்பனைக்காக அல்லாமல், பத்துப் பறவைகள் வரை வளர்க்கலாம். காட்டுப் பறவைகள் உள்ளே புகாதபடி அவற்றை வலையடைப்புக்குள் வைத்திருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் அச்சம் உள்ள வட்டாரத்தில் இது தேவையான கட்டுப்பாடு என்றே நான் கருதுகிறேன். வாத்து அந்தக் கிருமியைத் தன் உடலில் சுமந்துகொண்டு நோய்க்குறி எதுவும் காட்டாமல் திரியக்கூடும், அதே கிருமி தொற்றிய கோழி ஓரிரு நாளில் மாண்டுபோகும். ஆகவே மூன்று இனங்களைச் சேர்த்து வளர்ப்பவர் மற்றவர்களைவிட இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட என் வீட்டின் பின்புறம் முழுவதையும் மேலேயும் பக்கவாட்டிலும் வலையால் மூடினேன். மைனாக்களும் காகங்களும் தீவனத்தைத் திருடாமல் இருந்தது அதனால் கிடைத்த கூடுதல் நன்மை.

இப்போது என்னிடம் ஐந்து பெட்டைக்கோழிகள், மூன்று பெட்டை வாத்துகள், இரண்டு பெருவாத்துகள் என மொத்தம் பத்துப் பறவைகள் உள்ளன. பெருவாத்து என்ற சொல் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். தமிழ்நாட்டில் இதைக் கூஸ் வாத்து என்பார்கள். மலாய்க்காரர்கள் அங்சா என்பார்கள். அங்சா என்பது வடமொழியின் ஹம்சம் என்ற சொல்லிலிருந்து வந்தது. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம் புலவர்கள் புகழ்ந்த அன்னத்தின் உறவினர் இது. என் வீட்டிலோ பிரித்து வைத்திருக்கும் தீவனத்தை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

முதல் ஆண்டில் கோழிகள் மட்டுமே இருந்தன, பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை. 2019இல் மூன்று வாத்துக் குஞ்சுகளும் இரண்டு கோழிக்குஞ்சுகளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. இட நெருக்கடியால் ஐந்தையும் ஒரே அட்டைப்பெட்டியில், ஒரே விளக்கின் கீழ் வைத்தேன். வாத்துக் குஞ்சு நீர் அருந்துவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அது அலகை நீரில் முக்கி, பிறகு தீவனத்தில் முக்கி, மீண்டும் நீருக்குப் போய், வழியெல்லாம் சிந்தும். இரண்டு மணி நேரத்தில் பெட்டியின் மரத்தூள் முழுவதும் சேறாகிவிட்டது. வாத்துக் குஞ்சுகளுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. கோழிக்குஞ்சுகளோ நனைந்த பஞ்சுபோல் ஒடுங்கி நின்றன. இரவு மழை பெய்து அறை குளிர்ந்தபோது அவற்றில் ஒன்று இறந்துவிட்டது. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொள்ளலாம். நம் ஊரின் பகல் வெப்பமே முப்பதைத் தாண்டிவிடுவதால் விளக்கே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் ஈரம் பட்ட குஞ்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அன்றிலிருந்து கோழிக்குஞ்சையும் வாத்துக் குஞ்சையும் நான் ஒரே பெட்டியில் வைப்பதில்லை. வாத்துக் குஞ்சுகளின் நீர்க்கிண்ணத்தைக் கம்பிவலை பரப்பிய ஒரு தட்டின்மேல் வைத்து, சிந்தும் நீர் அடியில் வடியும்படி செய்கிறேன்.

அதே தொகுதியில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மூன்று வாரத்தில் ஒரு வாத்துக் குஞ்சு நடக்கத் தடுமாறியது. கணுக்கால் வீங்கி, கால்கள் வில்போல் வளைந்தன. நான் அதுவரை எல்லாவற்றுக்கும் கோழிக்குஞ்சுத் தீவனத்தையே கொடுத்துவந்தேன். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிட ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படுகிறது, கோழிக்கென்று தயாரித்த தீவனத்தில் அது போதிய அளவில் இருப்பதில்லை. ஈஸ்ட் பொடியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கத் தொடங்கிய சில நாளில் அந்தக் குஞ்சு நேராக நிற்கத் தொடங்கியது. கவனிக்காமல் விட்டிருந்தால் கால் நிரந்தரமாக ஊனமாகியிருக்கும். குஞ்சுத் தீவனம் வாங்கும்போது அதில் இரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்துள்ளதா என்பதையும் பாருங்கள். அந்த மருந்துகள் கோழிக்குக் கணக்கிட்டுக் கலக்கப்பட்டவை. உடல் எடைக்கு அதிகம் தின்னும் வாத்துக்கும் பெருவாத்துக்கும் மருந்து கலவாத தீவனமே நல்லது.

வளர்ந்த பறவைகளின் உணவில் சிக்கல் வேறு வகையானது. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முட்டையிடாத காலத்தில் வாத்தும், எந்தக் காலத்திலும் முட்டையிடாத ஆண் பெருவாத்தும் அதைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே அனைத்துக்கும் பொதுவான, சுண்ணாம்பு குறைந்த தீவனத்தைக் கொடுத்து, சிப்பி ஓட்டுத்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தேவைப்படும் பறவை மட்டும் தானே போய்த் தின்னும். மூன்று இனங்களுக்கு மூன்று தீவனம் வாங்கிப் பிரித்துக் கொடுக்க முயன்ற மூன்று மாதத்தில் எந்தப் பறவையும் தனக்குரிய கிண்ணத்தில் தின்னவில்லை. பெருவாத்து அடிப்படையில் புல் மேயும் பறவை. நம் ஊர்த் திடல்களில் பரவலாக இருக்கும் அகல இலைப் புல்லை அது மிக விரும்பித் தின்னும். ஆனால் அறுபது சதுர மீட்டர் புல்தரை இரண்டு பெருவாத்துக்குப் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இடத்தை நடுவில் தடுத்து, ஒரு பாதி மேயும்போது மறுபாதியைத் தழைக்க விடுகிறேன். பற்றாக்குறைக்குக் கங்கோங் கீரை வாங்கிப்போடுகிறேன். கீரைக்கடைக்காரர் நான் உணவகம் நடத்துவதாக நெடுநாள் எண்ணியிருந்தார்.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலந்து வளர்ப்பதில் பெரும்பகுதி உழைப்பு இதற்கே போகிறது. வாத்துக்குத் தலை முழுவதையும் மூழ்கவைக்கும் ஆழத்தில் நீர் வேண்டும். கண்ணையும் மூக்குத் துளைகளையும் அது அப்படித்தான் தூய்மைப்படுத்திக்கொள்கிறது. வெறும் குடிநீர்க் கிண்ணத்தோடு விட்டால் கண்ணில் பீளை கட்டும். கோழிக்கோ அந்த ஆழமே ஆபத்து. குஞ்சு விழுந்தால் இறந்துவிடும். மேலும் வாத்து இருக்கும் இடத்தைச் சுற்றித் தரை ஓயாமல் நனைந்திருக்கும், நனைந்த தரையில் நிற்கும் கோழிக்குப் பாதத்தில் புண் வரும், குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் பரவும். நான் முதலில் தொட்டியை நடுவில் வைத்தேன், எல்லாருக்கும் சமதூரம் என்ற நியாயத்தில். இப்போது அது அடைப்பின் தாழ்வான மூலையில், சரளைக்கல் பரப்பிய தரையில், கோழிக்கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கிறது. கோழிகளுக்கான குடிநீரை வாத்தின் அலகு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

தொட்டி நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். அழுகிய நீரிலும் அதில் மிதக்கும் புழுக்களிலும் உருவாகும் நஞ்சு, வாத்தின் கழுத்தைத் துவளச் செய்து கொன்றுவிடும். ஆனால் மாற்றிய நீரை எங்கே ஊற்றுவது என்பதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. முதல் சில வாரங்கள் வேலியோரச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன். பக்கத்து வீட்டார் நாற்றத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான், சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி என்பதும், வடிகாலில் விடுவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களை நோக்கிப் போகலாம் என்பதும் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. இப்போது அந்த நீர் முழுவதும் நான்கு வாழைக்கும் ஒரு முருங்கைக்கும் போகிறது. வாழைத்தார்களைப் பார்த்தவர்கள் என்ன உரம் என்று கேட்கிறார்கள். பதில் கேட்டதும் பழம் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு.

கொசுவின் கதை தனி. வாத்து கலக்கிக்கொண்டே இருக்கும் தொட்டியில் கொசுப்புழு தங்குவதில்லை, கண்டால் வாத்தே தின்றுவிடும். அந்த நம்பிக்கையில் நான் தொட்டியை மட்டுமே கண்காணித்தேன். டெங்கிச் சோதனைக்கு வந்த ஆய்வாளர் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மூலையில் கவிழ்ந்து கிடந்த தீவன வாளியின் அடிவிளிம்பில் தேங்கியிருந்த இரண்டு தேக்கரண்டி நீரை விளக்கடித்துக் காட்டினார், புழுக்கள் நெளிந்தன. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வாளி, மூடி, செங்கல் குழி என எல்லாவற்றையும் உலர்த்துவது என் மனைவியின் பொறுப்பு. “என்னங்க, வாத்து சுத்தமாத்தான் இருக்கு, நீங்கதான் இல்ல” என்று அவர் அன்று சொன்னதற்கு என்னிடம் இன்றுவரை மறுமொழி இல்லை.

மூன்று வாத்துகளில் ஒன்று ஆண் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்தது. பெண் வாத்துதான் உரக்கக் கத்தும், ஆணின் குரல் கம்மிப்போய் இருக்கும்; பிறகு அதன் வாலில் ஓர் இறகு மேல்நோக்கிச் சுருளும். ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டைகளாவது வேண்டும். என்னிடம் இரண்டே இருந்ததால் அது கோழிகளை நாடத் தொடங்கியது. இதை வேடிக்கையாக எண்ணிச் சிரிப்பவர்கள் உண்டு, சிரிக்கத்தக்கது அன்று. சேவலுக்குப் புற இனப்பெருக்க உறுப்பு இல்லை, ஆண் வாத்துக்கு உண்டு. கோழியின் உடலமைப்பு அதற்கு ஏற்றதல்ல, உள்ளே கிழிந்து இறந்துவிடக்கூடும். என் கோழி ஒன்றின் பின்கழுத்து இறகுகள் பிடுங்கப்பட்டு இரத்தம் கசிந்ததைப் பார்த்த அன்றே ஆண் வாத்தைத் தனியாக அடைத்தேன். பிறகு பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டு ஒரு பெட்டை வாத்தை வாங்கிக்கொண்டேன். புதிய பறவை எதுவானாலும் ஒரு மாதம் தனியறையில் வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதை இந்த முறை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

பெருவாத்துகள் 2020இல், கொவிட்-19 கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது வந்தன. சீன இனம், அலகின் மேல் குமிழ் இருக்கும், குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அவை வந்த முதல் வாரத்தில் கோழிகளின் சண்டை குறைந்தது எனக்கு வியப்பாக இருந்தது. மேலே ஒரு பெரிய அதிகாரம் அமர்ந்ததும் கீழே இருந்தவர்கள் ஒற்றுமையாகிவிட்டார்கள். ஆனால் பெட்டை முட்டையிட்டு அடைகாக்கும் முப்பது நாளிலும் ஆண் யாரையும் அருகில் விடாது. வாத்துகளைத் தொட்டிக்கே வரவிடாமல் விரட்டியது. இரண்டாவது தொட்டியும் இரண்டாவது தீவனத் தட்டும், ஒன்றிலிருந்து மற்றது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்த பிறகே அமைதி திரும்பியது. இடம் போதாதவர்கள் பெருவாத்தைத் தவிர்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. கோழியும் பெட்டை வாத்தும் மட்டும் இருந்தால் வேலை மூன்றில் ஒரு பங்காகும்.

இரவில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் உறங்கலாம், ஒரே அறையில் உறங்கக் கூடாது. கோழி உயரத்தில் கழியின்மேல் அமரும். வாத்தும் பெருவாத்தும் தரையில் படுக்கும். கழிக்கு நேர்கீழே வாத்து படுத்தால் இரவு முழுவதும் எச்சம் அதன் முதுகில் விழும். வாத்தின் மூச்சிலும் எச்சத்திலும் உள்ள ஈரம் மேலே ஏறிக் கோழிக்குச் சளி பிடிக்கும். என் கொட்டகையில் இடையே பலகைச் சுவர் உண்டு, கூரைக்கு அடியில் நான்கு பக்கமும் காற்றுவழி உண்டு. இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரமே என்பதால் குளிர்காலத்தில் முட்டை நின்றுபோகும் என்ற வெளிநாட்டுக் கவலை நமக்கு இல்லை. டிசம்பர், ஜனவரி பருவமழையில் படுக்கை உலராததுதான் நம் கவலை. அந்த இரண்டு மாதம் மரத்தூளுக்குப் பதில் உமியை இரு மடங்கு ஆழத்தில் பரப்புகிறேன்.

பெருவாத்து இருக்கும் இடத்துக்குப் பாம்பு வராது என்று கம்பத்தில் எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். 2021இல் ஓர் இரவு இரண்டு மணிக்குப் பெருவாத்துகள் கத்தத் தொடங்கின. அதற்கு முந்திய வாரம்தான் உணவு விநியோக மோட்டார்சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் அவை குரல் கொடுப்பதாக வாசற்கதவில் யாரோ ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சின் மிங் வட்டாரத்தில் சத்தத்தைப் பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகு 2017இல் 24 கோழிகள் கொல்லப்பட்டது எனக்கு நினைவிருந்ததால், சன்னலைத் திறந்து அவற்றை அதட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். கத்தல் நிற்கவில்லை. பத்து நிமிடம் கழித்து விளக்கோடு போனபோது, கோழிகளின் பக்கத்தில் மலைப்பாம்பு ஒன்று ஒரு கோழியைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. வடிகால் வழியாக வந்து, இரண்டு அங்குலக் கண் கொண்ட வலையில் நுழைந்திருந்தது. வனவிலங்கு மீட்புக் குழுவினர் வந்து பாம்பைக் கொண்டுபோனார்கள். பெருவாத்து பாம்பைத் தடுக்காது, வந்ததை அறிவிக்கும். கேட்பவன் எழுந்து போக வேண்டும். மறுநாளே கொட்டகையைச் சுற்றி அரை அங்குலக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பிவலையை அடித்து, தரைக்கு அடியில் ஓரடி ஆழம்வரை இறக்கினேன். மாலை ஆறு மணிக்குள் தீவனத்தை எடுத்துவிடுகிறேன். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பெருவாத்துகளின் அறையை வெளி வெளிச்சம் படாதபடி மறைத்து, இரவு ஏழரையிலிருந்து காலை ஏழரை வரை அடைத்து வைப்பதால் மோட்டார்சைக்கிள்களுக்கு அவை இப்போது கத்துவதில்லை.

எதிர்வீட்டுச் சீன மூதாட்டி நான் தரும் வாத்து முட்டைகளை உப்புநீரில் ஒரு மாதம் ஊறவைத்து, பாதியைத் திருப்பித் தருகிறார். எங்கள் வீட்டில் கஞ்சிக்கு இப்போது அதுதான் துணை. வாத்து தரையில் கண்ட இடத்தில், பெரும்பாலும் விடியலுக்கு முன்னரே முட்டையிடுவதால், அதைக் காலை ஏழரைவரை அடைத்து வைத்தால்தான் முட்டை தூய்மையாகக் கிடைக்கும். அந்த முட்டையை அரைவேக்காட்டில் உண்ணாமல் நன்கு வேகவைக்க வேண்டும். 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது தேக்கா சந்தையில் சந்தித்தவர்கள் எல்லாம் என்னைச் செல்வந்தனைப்போல் நலம் விசாரித்தார்கள். தீவனமும் கீரையும் வலையும் சேர்த்துக் கணக்கிட்டால் என் முட்டை ஒன்றின் விலை கடை விலையைப்போல் பல மடங்கு என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

கோழி ஏழெட்டு ஆண்டு வாழும், வாத்து பத்தாண்டு. பெருவாத்து இருபது ஆண்டுக்கு மேலும் இருக்கக்கூடும் என்பதை வாங்கும்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் வயது அறுபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறது. மகள் பொங்கோலில் வீவக வீட்டில் வசிக்கிறாள், அங்கே இவற்றை வைக்க முடியாது. சென்ற மாதம் அவள் வந்தபோது ஆண் பெருவாத்து வழக்கம்போல் அவளுடைய காலணியைக் கடித்துக்கொண்டிருந்தது. “அப்பா, இதுங்கள யார் பாத்துப்பா?” என்று கேட்டாள். முன்பு ஆண் வாத்தை ஏற்றுக்கொண்ட அதே நண்பரிடம் பேசினேன். கிராஞ்சிப் பக்கம் இருக்கும் தன் பண்ணையில் இரண்டுக்கும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பதாகவும்.